நலம் விசாரிக்க ஒரு தனி அறை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணாமல் சிலர் போன் செய்தீர்கள். நன்றி. சிலர் செய்யவில்லை. அதையும் கவனித்தேன்.

காரணம், என் கணவருடைய பித்தப்பையில் கல். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், கஞ்சி என்று அலைந்துவிட்டு சனிக்கிழமைதான் வீடு திரும்பினோம். இப்போது நன்றாக இருக்கிறார். நான் எழுத வந்தது கல்லைப் பற்றி அல்ல. கோகிலாவைப் பற்றி.

கோகிலா என் நாத்தனார் மகள். கோவையில் மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, புனேயில் ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் மேற்படிப்பு படிக்கிறாள். அங்கே ஔந்த் பகுதியில் எங்கள் ஃபிளாட்டில்தான் வாசம். அவள் என்ன படிக்கிறாள் என்று உறவினர்களுக்கு விளக்கியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"புள்ள டாக்டருக்குங்களா படிக்குது?"

"இல்லீங்க."

"அப்ப நர்ஸுக்கா?"

"அதுவும் இல்லீங்க."

"அப்புறம் ஆஸ்பத்திரியில என்னதான் பண்ணும்?"

"ஆஸ்பத்திரியை நிர்வாகம் பண்ணுமுங்க."

"ஓஹோ... மாப்பிள்ளை வீட்டுல ஆஸ்பத்திரி வெச்சிருக்காங்களா?"

இதற்கு மேல் என்ன சொல்வது? நானும் விட்டுவிட்டேன்.

படிக்கிற பெண் வீட்டில் இருந்தால் வீட்டுக்குக் கொஞ்சம் பெருமை, நிறைய தொந்தரவு. எந்தப் பாடம் நடக்கிறதோ அது எங்கள் சமையலறையில் பரிசோதிக்கப்படும். ஒருநாள் கையில் வாட்சோடு பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, அடுப்புக்கும் சட்னிக்கும் நடுவுல வீணா நடக்கறீங்க. சட்னிய இந்தப் பக்கம் வெச்சா பாதி நடை மிச்சம்" என்றாள். வைத்தேன். நடை மிச்சமானது. சட்னியில் எண்ணெய் தெறித்தது. அது அவளுடைய பாடத்தில் இல்லை போலிருக்கிறது.

கடைசி செமஸ்டரில் ஒரு ப்ராஜெக்ட் உண்டு. நிஜ ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய், நிஜப் பிரச்னை ஒன்றைத் தீர்க்க வேண்டும். கோகிலாவுக்கு வந்து சேர்ந்த பிரச்னை — பார்வையாளர்கள். எங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் ஆஸ்பத்திரி. அங்கே மாலை ஐந்து மணி ஆனால் வார்டில் நடக்க முடியாது. ஒரு நோயாளிக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். கட்டிலில் உட்காருகிறவர்கள், ஜன்னலில் சாய்கிறவர்கள், பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்து வைத்தியம் சொல்கிறவர்கள். நர்ஸ் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை நீந்திக் கடக்க வேண்டும்.

இதைக் குறைத்துக் காட்டினால் பாஸ். இல்லாவிட்டால் செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும்.

மறுபடி படிப்பதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? அவள் அப்பா இருக்கிறாரே! மகளைப் புனேக்கு அனுப்பும்போதே சொல்லி அனுப்பியிருக்கிறார். "இந்த வருசத்தோட படிப்பு முடியோணும். முடியலீன்னா பாதியில போட்டுட்டு ஊருக்குக் கெளம்பி வா. அவிநாசிக்காரங்க காத்துட்டு இருக்காங்க." அவிநாசிக்காரர்களுக்கு ஒரு ஸ்பின்னிங் மில்லும், அதில் ஒரு பையனும் உண்டு. பையன் நல்ல பையன்தான். ஆனால் கோகிலாவுக்கு ஆஸ்பத்திரி நடத்த ஆசை. மில்லில் என்ன செய்வாள், பஞ்சுக்கா விசிட்டிங் ஹவர்ஸ் வைப்பாள்?

முதலில் அவள் புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தாள். ஒரு நோயாளிக்கு இரண்டு பாஸ். பாஸ் இல்லாமல் மாடிக்கு விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு படிக்கட்டில் நின்றார்.

மறுநாளே பார்த்தால் வார்டில் அதே கூட்டம். எப்படி? உள்ளே போனவர் ஜன்னல் வழியாக பாஸைக் கைக்குட்டையில் முடிந்து கீழே போடுகிறார். கீழே இருப்பவர் அதைக் கேட்ச் பிடித்து மேலே வருகிறார். மேலே வந்ததும் அவர் தூக்கிப் போடுகிறார். புனேக்காரர்கள் கேட்ச் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

அவளுடைய கைடு மேடம் மராத்திக்காரர். நல்லவர்தான், ஆனால் முகத்துக்கு நேராகப் பேசுவார். "கோகிலா, அடுத்த சனிக்கிழமை வெளி எக்ஸாமினர் வருகிறார். ராணுவ ஆஸ்பத்திரிகளை நடத்தி ரிடையர் ஆன கர்னல். கடக்வாஸ்லா பக்கம் இருக்கிறார். அவர் வந்து கேட்ச் பிராக்டீஸைப் பார்த்தார் என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டார்.

கோகிலா அன்று சாப்பிடவில்லை. சமையலறையில் குறை சொல்லவும் வரவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, விஷயம் பெரிது என்று.

இந்த நேரம் பார்த்துத்தான் என் கணவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் பொன்னுசாமி. பேங்க் ஆபீசர். அவருடைய முழுநேரத் தொழில் பேங்க் என்று அந்த பேங்க் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அவர் தொழில், உடம்பு சரியில்லாதவர்களைப் போய்ப் பார்ப்பது. ஊர்க்கோடி சிஞ்ச்வட்டில் தமிழர் ஒருவர் தும்மினால் போதும், இவர் ஸ்கூட்டரை உதைத்துவிடுவார். போவார், கட்டிலின் ஓரத்தில் உட்காருவார், "எங்க பேங்க்ல ஒருத்தருக்கும் இதே வியாதிதானுங்க. சின்ன வயசு. பாவம்... போய்ட்டாரு" என்பார். நோயாளி முகம் வெளுக்கும். இவர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, கடமை முடிந்த திருப்தியோடு வருவார்.

அப்படிப்பட்ட மனிதர் தானே படுத்தால்? புனேயில் ஒரு தமிழ் வீடு பாக்கியில்லாமல் கிளம்பி வருமா, வராதா?

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் துடிக்கும்போது, கோகிலாவின் ப்ராஜெக்ட் நடக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றேன். கோகிலா அலறினாள்.

"மாமா... வேற ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா? சிட்டியில பெரிய பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் இருக்குதுங்க மாமா!"

"ஏன் அம்மணி, பக்கத்துலயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கறப்ப?"

"உங்களப் பார்க்க வர்ற கூட்டத்துக்கு என்னோட ப்ராஜெக்ட் தாங்காதுங்க மாமா..."

வலியிலும் அவருக்குப் பெருமை பொங்கியது. அந்த வார்டிலேயே சேர்ந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மாலை ஐந்து மணி. நான் மாடியில் அவர் பக்கத்தில் இருந்தேன். கோகிலா கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே நடந்ததை அவள் பிறகு சொன்னாள்.

முதலில் வந்தது சிஞ்ச்வட் சண்முகமும் அவர் மனைவி சரஸ்வதியும். ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. இங்கே வந்து பலகாலம் ஆகிவிட்டதால் அவர்கள் தமிழில் பாதி இந்தி. பின்னாலேயே பேங்க் ஆட்கள். அதற்குப் பின்னால் எங்கள் ஹவுசிங் சொசைட்டி. ஜன்னல் வழியாக பாஸ் போட ஆள் இல்லை — இரண்டு பாஸும் மேலே என்னிடம், எனக்கு அந்தக் குறி வராது.

"அரே கோகிலா, தோ மினிட் பார்த்துட்டு நிக்கல் ஆயிடறோம்மா. மாமாவுக்கு ரசம் கொண்டாந்திருக்கேன்." இரண்டே நிமிடத்தில் கிளம்பிவிடுகிறோம் என்கிறார் சரஸ்வதி.

"அக்கா, மேல விட முடியாதுங்க. ரூல் போட்டதே நானுங்க. நானே எப்படிங்க மீறறது?"

சரஸ்வதி நாற்காலியை இழுத்துப் போட்டு கோகிலாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். "சலோ, அப்ப உன்கிட்டயே கேட்டுக்கறேன். எப்படி இருக்காரு? தூங்கினாரா? கல்லு எவ்ளோ பெருசு?" எல்லாம் கேட்டுவிட்டு, தன் ஓரகத்தியின் பித்தப்பைக் கதையைச் சொல்லிவிட்டு, ரசத்தைக் கொடுத்துவிட்டு, "நாங்க வந்துட்டுப் போனோம்னு உங்க அத்தைகிட்ட சொல்லிடு. மறந்துடாதே, ஹாங்?" என்றார். அடுத்து பேங்க்காரர். அதே கேள்விகள், வேறு கதை, ஆரஞ்சு. அவரும் போகும்போது, "நான் வந்தேன்னு மேடம்கிட்ட மறக்காம சொல்லிடுங்க."

கோகிலா சமாளிக்க முடியாமல் எனக்கு ஆள் அனுப்பினாள். "அத்தை, நீங்க கொஞ்சம் கீழ வாங்க."

இறங்கி வந்தேன். என்னைக் கண்டதும் அத்தனை முகங்களிலும் ஒரு வெளிச்சம்! சூழ்ந்துகொண்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க ரொம்ப எளைச்சுட்டீங்க" என்றார்கள். (ஒருநாளில்!) கால் மணி நேரம் பேசினோம். அப்புறம் ஒவ்வொருவராக, "அப்ப வரட்டுமா?" என்று கிளம்பிவிட்டார்கள்.

யாராவது "ஒருதடவை மேலே போய்ப் பார்க்கிறேனே" என்று கேட்டார்களா? ஒருவர்கூட இல்லை.

கோகிலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் பெரிதாகியிருந்தது.

"அத்தை, கவனிச்சீங்களா? இவங்க மாமாவப் பார்க்கறதுக்கு வரலீங்க. அவங்க வந்தத நாம பார்க்கோணும்னு வந்திருக்காங்க!"

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பாருங்கள். போன முறை நீங்கள் யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்தீர்கள்? சத்தம் போடாமல் திரும்பினீர்களா? இல்லை, அவர் கண் விழித்து நம்மை ஒருமுறை பார்க்கட்டும் என்று இருமினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். நான் இருமியிருக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே கோகிலா ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் போய் நின்றாள். கீழ்த் தளத்தில் உடைந்த வீல்சேர்களைப் போட்டு வைத்திருந்த அறை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். காலி செய்து, நாற்காலிகள் போட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்தாள். விசிட்டிங் நேரத்தில் ஒவ்வொரு நோயாளியின் வீட்டாரில் ஒருவர் அங்கே இறங்கி வந்து உட்கார வேண்டும். பார்க்க வருகிறவர்கள் அவரைப் பார்க்கலாம், பேசலாம், கொண்டுவந்ததைக் கொடுக்கலாம். கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்கிறார்களே, அதே ஏற்பாடு. பன்னீர் தெளிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டே நாளில் வார்டு அமைதியாகிவிட்டது. நர்ஸ்கள் நேராக நடந்தார்கள். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. வாட்ச்மேன் மீசையை முறுக்க அவசியமில்லாமல் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

கீழேதான் திருவிழா! மராத்திக்காரர்கள் அவல் உப்புமா மாதிரி போஹே கொண்டுவருவார்கள், நம்மவர்கள் இட்லி கொண்டுவருவார்கள். கைமாறும். சரஸ்வதி ஒரு மராத்தி மாமிக்கு மிளகு ரசம் வைக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருப்பார். பிரவீன் என்று ஒரு சாஃப்ட்வேர் பையன் தினமும் வந்தான். சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. என் கணவரை அவன் பார்த்ததுகூட இல்லை. எங்கள் தமிழ்க்காரர்களுக்குள் போன இ-மெயிலைப் படித்துவிட்டு வந்தவன், இட்லியைக் கண்டு தங்கிவிட்டான். "சார் மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்கவே முடியாது" என்று எல்லோரிடமும் சொல்வான். ஒருவகையில் உண்மைதான். மேலே விடவில்லையே.

எல்லாம் சரி. மாடியில் ஒருவர் படுத்திருந்தாரே?

"சண்முகம் வரலியா?" என்பார்.

"வந்தாருங்க."

"எங்க?"

"கீழ."

"பேங்க்ல இருந்து?"

"எல்லாரும் வந்தாங்க. கீழதான் பேசிட்டுப் போனாங்க."

முதல் நாள் சிரித்தார். அடுத்த நாள் சிரிக்கவில்லை. அதற்கடுத்த நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ஊர்ல ஒருத்தன் விடாம நான் போய்ப் பார்த்திருக்கறேன். நான் படுத்தா ஒரு ஈ காக்கா வரல. மனுசன் உசுரோட இருக்கறானா, இல்லையான்னு ஒருத்தராச்சும் எட்டிப் பார்க்க வேண்டாமா?"

எனக்குப் பாவமாகிவிட்டது. கேலி செய்ய வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். நாளெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பது லேசா?

கோகிலா வந்து கட்டிலருகே நின்றாள். "மாமா, நாளைக்கு கர்னல் வர்றாருங்க. பேஷன்ட்டுங்ககிட்ட அவரே நேர்ல கேப்பாராமா. நீங்க..."

"கேக்கட்டும். நல்லா கேக்கட்டும். நானும் சொல்றேன். இது ஆஸ்பத்திரி இல்ல, ஜெயில்னு சொல்றேன்."

"மாமா..."

சுவர்ப் பக்கம் திரும்பியாகிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவிநாசிக்காரர்கள் வாசல்வரை வந்துவிட்ட மாதிரி இருந்தது.

சனிக்கிழமை. அன்றுதான் டிஸ்சார்ஜும். சாயந்திரம் கிளம்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் பேன்ட்-சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். நான் சாமான்களை எடுத்துக்கொண்டு முன்னால் கீழே வந்தேன்.

கைடு மேடத்தோடு கர்னல் வந்தார். நெட்டையான மனிதர். சிரிப்பு என்பதை ராணுவத்திலேயே ஒப்படைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். வார்டைச் சுற்றிப் பார்த்தார். "கூட்டத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். கோகிலா கீழ் அறைக்கு அழைத்து வந்தாள்.

நாங்கள் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டுமா? ஒரு பக்கம் இட்லி, ஒரு பக்கம் போஹே. மூலையில் சண்முகம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்ல, ஒரு மராத்திக் குடும்பமே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. கர்னலின் புருவம் மேலே போனது.

"இது ஆஸ்பத்திரியா, ஹோட்டலா? சரி. வருகிறவர்களுக்குச் சந்தோஷம், அது தெரிகிறது. படுத்திருக்கிறவர் சந்தோஷமாக இருக்கிறாரா? எனக்கு அதுதான் வேண்டும். ஒரு நோயாளியைக் கூப்பிடுங்கள்."

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் — சுவரைப் பிடித்துக்கொண்டு, மெள்ள மெள்ள இறங்கி வந்த என் கணவர்!

நான் எழுவதற்குள் வாசலோரம் உட்கார்ந்திருந்த பிரவீன் குதித்து எழுந்தான். தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டான்.

"வாங்க அங்கிள், உட்காருங்க. நீங்களும் பொன்னுசாமி சாரைப் பார்க்க வந்தீங்களா?"

என் கணவர் அவனைப் பார்த்தார். அறை முழுக்க ஒருமுறை பார்த்தார். கதை சொல்லும் சண்முகம், தட்டோடு பேங்க் ஆட்கள், ரசப் பாத்திரத்தோடு சரஸ்வதி, எங்கள் சொசைட்டியின் பாதி. இத்தனை பேரும் தனக்காக வந்தவர்கள். அப்புறம், கர்னலுக்குப் பின்னால் முகம் வெளுத்து நின்ற கோகிலாவைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ஆமாங்க தம்பி" என்றார்.

"சார் எப்படி இருக்காராம் அங்கிள்?"

"நல்லா இருக்கறாராமுங்க. நிம்மதியா தூங்கறாராமா. ஒருத்தரும் தொந்தரவு பண்றதில்லயாமா." நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "இந்த ஏற்பாட்ட வெச்சவ பெரிய கெட்டிக்காரின்னு சொல்லிக்கறாங்க."

கர்னலுக்குத் தமிழ் தெரியாது. யார் இவர், என்ன சொல்கிறார் என்று கேட்டார். கோகிலா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசியில், "இவர்தான் சார் அந்த நோயாளி" என்றாள்.

கர்னல் அவரையும் பிரவீனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்... அப்படியொரு சிரிப்பு அவருக்குள் இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைடு மேடத்திடம் மராத்தியில் ஏதோ சொன்னார். மேடம் கோகிலாவின் முதுகில் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்? அன்று ராத்திரி கோகிலா போன் செய்தபோது அவள் அப்பா, "அப்படியா, முடிஞ்சுதா? சரி, அப்ப வேலையப் பாரு கண்ணு" என்று மட்டும் சொன்னாராம். அவிநாசிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

என் கணவரா? அவரை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பார்க்க வந்தவர்களோடு வட்டமாக உட்கார்ந்து, தன் உடம்பைப் பற்றித் தானே அரை மணி நேரம் விசாரித்து, "எங்க பேங்க்ல ஒருத்தருக்கும் இதே வியாதிதானுங்க" என்று ஆரம்பித்து — பிழைத்துவிட்டார் என்று முதல் தடவையாக முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.